ஒரே குழாயில் நாற்பது தலைமுறை

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, சித்தப்பா மூவரும் நலம். நாயும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்றும், உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், ஆஸ்பத்திரியில் நீங்கள் நர்ஸாக இருக்கும் வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லோரும் உங்களுக்குப் பயந்து சீக்கிரம் சீக்கிரமாகக் குணமாகிக்கொண்டிருப்பார்கள் என்றும் நம்புகிறேன். அடுத்ததாக நானும் நலம் என்று எழுத வேண்டும். அந்த இடத்தில்தான் பேனா நிற்கிறது. நான் நலமாக இல்லை அத்தை. நான் செய்த காரியம் வரும் திங்கட்கிழமை வெளியே வரப்போகிறது. அதற்குள் நீங்கள் வந்தால்தான் உண்டு.

எல்லோரும் தூங்கிய பிறகு, இதைக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வாளிதான் காரணம், பாதி. மீதி, பயம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் போனில் “சொல்லு கண்ணு” என்று மெதுவாகப் பேசினாலே சமையலறையில் இருக்கும் அம்மா “என்னவாம்?” என்று கேட்கிறாள். இந்த விஷயத்தைக் கேட்டால் நீங்கள் மெதுவாகப் பேச மாட்டீர்கள். அதனால் கடிதம். நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் கூரியரில் சேர்த்துவிடுவேன்.

எல்லாம் பெரியவரால் வந்தது. ஏழு ஆறுகளைக் கடந்து, பதினோரு கோட்டைகளைப் பிடித்த அந்தக் குதிரைப்படை வேந்தரைத்தான் சொல்கிறேன். ஊரில் எல்லோருக்கும் அவர் பாடப் புத்தகத்தில் வருபவர். நம் வீட்டில் மட்டும் அவர் பெரியவர். அவருடைய கடைசி மகனின் வழியில் வந்த நாற்பதாவது தலைமுறை நாம் என்று அப்பா சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டினார். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருப்பதைக்கூட அப்பா அதோடு சேர்த்துத்தான் சொல்லுவார். “பெரியவர் மலை ஏறினாரு. நான் ஜனங்களை மாடி ஏத்தறேன். ரத்தம் சும்மா இருக்குமா?” என்பார். எனக்கு இளவரசி என்று பெயர் வைத்துக் கூப்பிடுவார். லிஃப்டுக்குள் போனாலே கண்ணை மூடிக்கொள்வேன், கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிவிடுவேன், இருந்தாலும் இளவரசி. ஆறு வாரத்துக்கு முன்னால் பள்ளியில் ‘என் முன்னோர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் அப்பா சொன்னதை எல்லாம் அப்படியே நாலு பக்கத்துக்கு எழுதினேன். வரலாற்று டீச்சர் அதை வகுப்பில் வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் வகுப்புத் தலைவி எழுந்து, “டீச்சர், இது நிஜமா, இல்ல இவளே விட்ட கதையா?” என்று கேட்டாள். டீச்சர் கெட்டவர் இல்லை அத்தை. மெதுவாகத்தான் சொன்னார். “ரொம்ப நல்லா எழுதியிருக்கேம்மா. ஆனா ஆதாரம் இருந்தாதான் அது வரலாறு” என்றார். நான் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். பயம் வந்தால் எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். “இருக்கு டீச்சர், வீட்ல நிறைய இருக்கு” என்று சொல்லிவிட்டேன். “அப்படின்னா பெற்றோர் நாள் அன்னிக்கு அப்பாவையே ஆதாரத்தோட வந்து பேசச் சொல்லு” என்றார். அந்தப் பெற்றோர் நாள்தான் வரும் திங்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஆதாரம் தேட ஆரம்பித்துவிட்டார். முதல் ஆதாரம் மூக்கு. என் பாடப் புத்தகத்தில் பெரியவரின் கற்சிலைப் படம் இருக்கிறது. அதைக் கண்ணாடி பக்கத்தில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று, “பாருங்க, அச்சு அசல்” என்றார். சிலைக்கு மூக்கு உடைந்து போயிருந்தது. அம்மா அதைச் சொன்னாள். “உடையாம இருந்திருந்தா என் மூக்குதான்” என்றார் அப்பா.

இரண்டாவது ஆதாரம் வாள். பரணில் பழைய துணியில் சுற்றி வைத்திருப்போமே, கைப்பிடி இல்லாத அந்த நீட்டு இரும்பு, அதுதான். அப்பா அதை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அங்கே காப்பாளர் ஒருவர், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியால் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இது அச்சாபீஸ்ல காகிதம் வெட்டற மெஷினோட பிளேடுங்க” என்றார் காப்பாளர்.

“எப்படிச் சொல்றீங்க?”

“கம்பெனி முத்திரை இருக்கே.”

“அரச முத்திரையா இருக்கலாம் இல்லீங்களா?”

“அதுல போன் நம்பர் இருக்குங்க.”

அப்பா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “பின்னாடி யாராவது பொறிச்சிருப்பாங்க” என்று சொல்லி, வாளை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போது யாரும் இடிக்காமல் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது ஆதாரம் வம்சாவளி. ஒரு பெரிய சார்ட் பேப்பரில் அப்பா அளவுகோல் வைத்துக் கட்டம் கட்டமாக வரைந்தார். லிஃப்ட் வயரிங் வரைந்து பழகிய கை, கோடெல்லாம் பிரமாதமாக இருந்தது. கீழே நான், அதற்கு மேல் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா. அதற்கு மேல் யார் பெயரும் தெரியவில்லை. அங்கே ஒரு புள்ளிக்கோடு போட்டு, ‘இடையில் சிலர்’ என்று எழுதி, உச்சியில் பெரியவரைச் சிவப்பு மையில் போட்டுவிட்டார். அம்மா கடையிலிருந்து அப்போதுதான் வந்தாள். பகல் முழுவதும் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை என்பதால், வீட்டுக்கு வந்தாலும் எதையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த்தான் பார்ப்பாள். அந்தப் படத்தையும் அப்படிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இதுல ஒரு பொம்பளைகூட இல்லியே. எல்லாரும் லிஃப்ட்லயா வந்து இறங்கினாங்க?” என்றாள்.

அப்பா சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். அம்மா விடவில்லை. “உக்காருடி, கணக்குப் போடு” என்று என்னை உட்கார வைத்தாள். எனக்கு அப்பா அம்மா இரண்டு பேர், அவர்களைப் பெற்றவர்கள் நாலு பேர், அப்புறம் எட்டு, பதினாறு. இப்படியே போட்டுக்கொண்டு போனால் பத்தாவது தலைமுறையில் ஆயிரத்து இருபத்து நாலு பேர். இருபதாவதில் பத்து லட்சத்துக்கு மேல். நாற்பதாவது போவதற்குள் என் கால்குலேட்டர் மூச்சை விட்டுவிட்டது. கையால் போட்டுப் பார்த்தேன், ஒரு லட்சம் கோடிக்கு மேல் வந்தது. உலகம் தோன்றியதிலிருந்து பிறந்த ஆட்கள் எல்லோரையும் கூட்டினாலும் அத்தனை பேர் தேற மாட்டார்கள். “அப்போ என்ன அர்த்தம்? ஒரே தாத்தா சுத்திச் சுத்தி எல்லா வீட்டுக்கும் தாத்தாவா வந்திருக்காரு. உங்க பெரியவர் அப்படி ஒரு தாத்தான்னா எனக்கும் தாத்தாதான், கீழ் வீட்டுக்காரருக்கும் தாத்தாதான். அவர் யாரை அடிச்சுத் துரத்தினாரோ அவங்களும் நம்ம தாத்தாதான்” என்றாள் அம்மா. அப்பா கொஞ்சம் கலங்கித்தான் போனார். பிறகு, “அடிச்சவங்க பக்கத்தை மட்டும் எடுத்துக்கலாமே” என்றார்.

அத்தை, இதுவரைக்கும் நடந்தது எதற்கும் நான் காரணம் இல்லை. இனி வருவதுதான்.

சித்தப்பா இருக்கிறாரே, பேனர் அச்சடிக்கிற கடையில் வேலை பார்ப்பதால் அவருக்கு உலகத்தில் எல்லாம் தெரியும். “அண்ணா, இதெல்லாம் பழைய முறை. இப்போ எச்சிலைத் துப்பி அனுப்பினா பரம்பரையையே புட்டுப் புட்டு வெச்சிருவான்” என்றார். மறுவாரமே ஒரு பெட்டி வந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு குழாய், அதன் மேல் ஒரு நீலக்கோடு. கோடு வரைக்கும் எச்சில் நிரப்ப வேண்டும். ஒரு ஆள்தான் துப்ப வேண்டும், அதற்கு முன்னால் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று தாளில் போட்டிருந்தது. அப்பா குளித்துவிட்டு, சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த அரைமணி நேரமும் சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பெரியவர் ஏழாவது ஆற்றைக் கடந்த கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடித்துவிட்டுக் குழாயை எடுத்துத் துப்பினால், ஒன்றும் வரவில்லை. பேசிப் பேசி வாய் காய்ந்துவிட்டது. முக்கி முனகிக் கால்வாசி நிரப்பினார்.

“டேய், நீயும் அதே ரத்தம்தானே, நீ கொஞ்சம் துப்பு” என்று சித்தப்பாவிடம் கொடுத்தார்.

“ஒருத்தர்தான் துப்பணும்னு போட்டிருக்கே அண்ணா.”

“ஒருத்தர்னா ஒரு வம்சம்னு அர்த்தம்டா. ஒரு ஆள் துப்பினா ஒரு பங்கு தெரியும். ரெண்டு பேர் துப்பினா ரெண்டு பங்கு தெளிவாத் தெரியும்.”

சித்தப்பா துப்பினார். அப்படியும் கோடு வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பயத்தில் எச்சில் வற்றிப்போய் ரெண்டு சொட்டுதான் வந்தது. அப்போது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “ஒரு குழாயை நிரப்பத் துப்பில்லாத வம்சம் எப்படித்தான் பதினோரு கோட்டையைப் பிடிச்சுதோ” என்று சொல்லிக்கொண்டே வந்து, ஒரே மூச்சில் கோடு வரைக்கும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அப்பாவுக்குக் கோடு வந்த சந்தோஷத்தில், அம்மாவுக்கும் பெரியவருக்கும் சம்பந்தம் இல்லை என்பது அப்போது தோன்றவே இல்லை.

குழாயை மூடி, பெட்டியில் வைக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். “இளவரசி கையால வெக்கட்டும்” என்றார். நான் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். மூடி சோபாவுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தால், நம் நாய் இரண்டு முன்னங்காலையும் மேசைமேல் வைத்துக்கொண்டு குழாயின் வாயை நக்கிக்கொண்டிருந்தது. அப்பா அதற்குத் தளபதி என்று பெயர் வைத்ததிலிருந்தே அது எதற்கும் அனுமதி கேட்பதில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை அத்தை. குழாயைப் பாவாடையில் துடைத்து, மூடியைத் திருகி, பெட்டிக்குள் வைத்துவிட்டேன். நாய் நக்கியதெல்லாம் அங்கே எப்படித் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

தெரிந்துவிட்டது. போன வியாழக்கிழமை நான் மட்டும் வீட்டில் இருந்தபோது கூரியர் வந்தது. அப்பா பெயருக்கு வந்த உறையைப் பிரிப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். கை பிரித்துவிட்டது. அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: ‘தாங்கள் அனுப்பிய மாதிரியில் குறைந்தபட்சம் நான்கு மனிதர்களின் மரபணுக்களும் ஒரு நாயின் மரபணுவும் கலந்துள்ளன. எனவே தங்கள் வம்சாவளியைக் கணிக்க இயலாமைக்கு வருந்துகிறோம். நாயின் இனம் குறித்து அறிய விரும்பினால் எங்கள் கால்நடைப் பிரிவை அணுகவும்.’

அந்தத் தாளை அட்லஸில் பெருங்கடல் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் யாரும் எதையும் தேட மாட்டார்கள். அப்பா தினமும் வேலையிலிருந்து வந்ததும் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே “கூரியர் வந்துதாம்மா?” என்று கேட்கிறார். “இல்லப்பா” என்கிறேன். இன்றோடு ஆறு பொய். ஒவ்வொரு தடவையும் அப்பா “வரும், வரும், பெரிய விஷயம்னா லேட்டாத்தான் வரும்” என்று எனக்கே ஆறுதல் சொல்கிறார்.

அதுமட்டுமா? உறை எப்போது வந்தாலும் பிரிக்காமல் கொண்டுபோய், திங்கட்கிழமை மேடையில் எல்லோர் முன்னாலும் பிரித்து வாசிக்கப்போகிறாராம். சித்தப்பா அதற்குள் பேனரே அடித்துவிட்டார். ‘வேந்தர் வழித்தோன்றல், நாற்பதாம் தலைமுறை’ என்று போட்டு, யாரோ குதிரைமேல் போகும் படத்தில் அப்பாவின் தலையை ஒட்டியிருக்கிறார். அப்பாவின் அடையாள அட்டையிலிருந்து எடுத்த போட்டோ என்பதால் கம்பெனிச் சட்டைக் காலரும் கூடவே வந்துவிட்டது. துணி போதாமல் குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை. அப்பா பேச்சுக்கு ஒத்திகை வேறு பார்க்கிறார். வீட்டில் பேசினால் அம்மா சிரிக்கிறாள் என்று, பராமரிப்புக்குப் போகும் கட்டடங்களில் லிஃப்டை மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, உள்ளே நின்று பேசிப் பார்க்கிறாராம். நேற்று ஒரு கட்டடத்தில் பால்காரர் எட்டு மாடி நடந்தே ஏறிவிட்டு, லிஃப்டுக்குள்ளிருந்து யாரோ ‘என் முன்னோர்களே’ என்று அழுகிறார்கள் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று சாயங்காலம் அம்மா துணி மடிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அம்மா, பெரியவர் கதையை அப்பாவுக்கு யார் சொன்னது?” என்று கேட்டேன்.

“வேற யாரு? உங்க அத்தைதான்.”

“அத்தைக்கு யார் சொன்னது?”

அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். உங்கள் அம்மா தவறிப்போய், நீங்கள் எல்லோரும் புது ஊருக்குக் குடிவந்த வருஷம் அது. அப்பாவுக்கு ஏழு வயது, உங்களுக்குப் பதின்மூன்று. பள்ளியில் பசங்க எல்லோரும் அப்பாவை ‘அரை டிக்கெட்’ என்று கூப்பிட்டார்கள். அப்பா ஐந்து நாள் பள்ளிக்குப் போகாமல் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டையே அங்கே தள்ள வேண்டியிருந்தது. ஆறாவது நாள் ராத்திரி, நீங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பரீட்சைக்கு வரலாறு படித்துக்கொண்டிருந்தீர்களாம். திடீரென்று கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்து, “டேய், நீ யாருன்னு உனக்குத் தெரியுமாடா?” என்று கேட்டீர்களாம். மறுநாள் அப்பா தலையை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்குப் போனார். அதற்கப்புறம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. இதை அப்பாவே கல்யாணமான புதிதில் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா இவ்வளவுதான் சொன்னாள். எழுந்து துணியை அலமாரியில் வைக்கப் போய்விட்டாள். நானேதான் கூட்டிப் பார்த்தேன். அத்தை, கோபித்துக்கொள்ளாமல் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் மடியில் திறந்திருந்த புத்தகத்தில் எந்தப் பாடம்? ஒருவேளை அன்றைக்கு நீங்கள் விலங்கியல் படித்துக்கொண்டிருந்திருந்தால் இன்றைக்கு நாங்கள் யாருடைய வாரிசாக இருந்திருப்போம் என்று நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நல்ல பொய் தோன்றியிருக்காது. ஆனால் என் பயம் வேறு. தளபதியைப் பற்றிச் சொன்னால் அப்பா என்னைத் திட்டுவார், திட்டட்டும், அது ஒரு நாள். பெரியவர் இல்லை என்று தெரிந்தால் என்ன ஆகும்? அப்பா மறுபடியும் அந்தக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டால்? இப்போது வீட்டில் இருக்கும் கட்டில் ரொம்பத் தாழ்வானது, உடம்பு நுழையாது என்று தெரியும். இருந்தாலும் மனிதருக்கு மனசு போய்ப் படுத்துக்கொள்ள இடமா கிடைக்காது? அதுவும் மேடையில், டீச்சர் முன்னால், நாலு மனிதரும் ஒரு நாயும் என்று தன் வாயாலேயே வாசித்துத் தெரிந்துகொண்டால்?

அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எப்படியாவது லீவு போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள். நீங்களே அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். உலகத்தில் அப்பா பயப்படுவது உங்கள் ஒருவருக்குத்தான். நீங்கள் சொன்னால் எதிர்த்துப் பேச மாட்டார். அந்த ஏழு வயதுப் பையனிடம் சொன்ன மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். இந்தத் தடவை வேறு என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஒரு ராஜாவைக் கொடுத்தவருக்கு அவரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் தெரியும்தானே?

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் வார்டில் இருப்பவர்கள் எல்லோரும் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டிக்கொள்கிறேன். என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்ய ஞாயிற்றுக்கிழமை நேரில்தான் வர வேண்டும், தபாலில் அனுப்பினால் இந்த நிலைமைக்குப் போதாது.

என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தம்பி மகள்

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். தயவுசெய்து சொல்லவே சொல்லாதீர்கள். கையெழுத்துப் போட்டு முடித்த அதே நிமிஷம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. “உள்ள யாரு? ஒரு மணி நேரமா லைட் எரியுது” என்றார் அப்பா. எனக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்று எழுதினேன் அல்லவா, கதவையும் திறந்து, “கூரியர் வந்துடுச்சுப்பா, வியாழக்கிழமையே வந்துடுச்சு” என்று சொல்லி அழுதுவிட்டேன். அட்லஸை எடுத்து வந்து தாளைக் கொடுத்தேன். அப்பா வாஷ்பேசின் விளக்கடியில் நின்று படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“நாயா?” என்றார்.

“தளபதிப்பா. மூடியைத் தேடறதுக்குள்ள நக்கிடுச்சு.”

அப்பா தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் சிரிப்பு. அம்மா எழுந்துவிடப் போகிறாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நான் கேட்டேன்.

“அப்போ நாம பெரியவரோட வாரிசு இல்லையாப்பா?”

“இல்லைன்னு எனக்கு எட்டாம் கிளாஸ் படிக்கும்போதே தெரியும்டா.”

“எப்படிப்பா?”

“அந்தப் பாடம் எனக்கும் வந்துதுல்ல? அக்கா சொன்னது அத்தனையும் ஒரு வரி மாறாம அதுல இருந்துது. கேள்வி பதில்கூட.”

“அப்புறம் ஏன்ப்பா இவ்வளவும்?”

அப்பா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “எனக்காகப் பதிமூணு வயசுப் பொண்ணு ஒரு ராஜாவையே புடிச்சுக்கிட்டு வந்திருக்கா. அதுகிட்டப் போய், ‘அக்கா, நீ சொன்னது பொய்’ன்னு எப்படிச் சொல்றது? அதான் சும்மா இருந்துட்டேன். ஆதாரம் வேணும்னு நீ வந்து நின்னப்போ, டெஸ்ட் பண்ணலாம்னு உன் சித்தப்பன் சொன்னப்போ ஒரு நப்பாசை. தப்பித்தவறி அது நிஜமா இருந்துட்டா, அக்கா பொய்யே சொன்னதில்லைன்னு ஆயிடும் பாரு” என்றார்.

மேடையில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். தாளை உள்ளது உள்ளபடி வாசிக்கப்போகிறாராம், நாய் வரைக்கும். வாசித்துவிட்டு, ஆதாரத்தோடு காட்டும்படி தனக்கு மூத்தவர் ஒரே ஒருவர்தான் என்று சொல்லி உங்களைப் பற்றிப் பேசப்போகிறார். சாப்பாட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதிலிருந்து, நீங்கள் உங்கள் பரீட்சைக்கு நடுவில் அவருக்குத் தலைவாரிவிட்டதுவரை எல்லாம் சொல்லப்போகிறார். “ஆனா முன்னோர்னு சொன்னா வயசைச் சொல்லிட்டேன்னு அக்கா கோவிச்சுக்குவா, வேற வார்த்தை தேடணும்” என்று இப்போது கூடத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். தனக்கு எல்லாம் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது இந்தக் கடிதம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒன்பது பக்கம் எழுதியதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்தப் பின்குறிப்பை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள். மூன்றாவது வரிசையில் உங்களுக்கு இடம் பிடித்து வைக்கிறேன். அப்பா உங்கள் பெயரைச் சொல்லும்போது, எதுவுமே தெரியாதவர் மாதிரி ஆச்சரியப்பட வேண்டும். முப்பத்தைந்து வருஷம் தாங்கும்படி ஒரு பொய் சொன்னவர் நீங்கள். ஒரு பத்து நிமிஷம் ஆச்சரியப்படுவது உங்களுக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று நம்புகிறேன். அழுகை வந்தால் மட்டும் சத்தமாக அழுதுவிடாதீர்கள் அத்தை, உங்கள் குரலுக்கு மைக் தேவைப்படாது.